விசா கிடைத்த நாள் வேறு, காப்புறுதி தொடங்கும் நாள் வேறு

செலண்டாரில் எனக்குத் தெரிந்த ஓர் அம்மா இருக்கிறார். வயது 61. கல்யாணமாகி வந்த நாள் முதல் தோட்டத்து வேலைதான். முதலில் பால்மரம், பிறகு செம்பனை. இப்போது மகன் வாங்கிக் கொடுத்த மலிவு விலை வீட்டில் தனியாக இருக்கிறார். மகன் மெல்பர்னில் வேலை விசாவில் இருக்கிறார். மருமகளுக்கு முதல் பிரசவம் நெருங்குகிறது. "அம்மா, ஒரு வருஷம் வந்து இருங்க" என்று மகன் கூப்பிட்டார். 12 மாதம் தங்கும் வருகையாளர் விசாவும் கிடைத்துவிட்டது.

அவர் வீட்டுக்குப் போயிருந்தபோது, மகன் அனுப்பிய காப்புறுதிப் பத்திரத்தை எடுத்துவந்து மேசை மேல் வைத்தார். எல்லாம் ஆங்கிலம், பொடி எழுத்து.

"தம்பி, எனக்கு இனிப்பு நீர் இருக்கு, பிரஷர் இருக்கு. அங்க போய் ஏதாவது ஒண்ணுன்னா இது கொடுக்குமான்னு மட்டும் பார்த்துச் சொல்லுப்பா."

பார்த்தேன். முன்பே இருந்த நோய்களுக்குக் காத்திருப்புக் காலம் 12 மாதம் என்று போட்டிருந்தது. அவருடைய விசாவும் 12 மாதம். அந்தக் காப்புறுதி அவருடைய இனிப்பு நீருக்குக் கணக்கில் வரும் நாளில் அவர் விமானம் ஏறித் திரும்பிக்கொண்டிருப்பார். மகன் அம்மாவை ஏமாற்றவில்லை. காப்புறுதி நிறுவனமும் மறைக்கவில்லை, எழுதித்தான் கொடுத்திருக்கிறது. அந்தப் பக்கத்தை யாரும் படிக்கவில்லை.

செலண்டாரிலும் ஜாசினிலும் அலோர் காஜாவிலும் இன்று வெளிநாட்டில் பிள்ளை இல்லாத தெருவைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். சிங்கப்பூருக்கு வேலைக்குப் போனவர்கள், ஆஸ்திரேலியாவுக்குப் படிக்கப் போய் அங்கேயே தங்கியவர்கள், பிரிட்டனில் தாதியாகவும் மருத்துவராகவும் இருப்பவர்கள் என்று நம் குடும்பங்கள் பரவிவிட்டன. விசா, டிக்கெட், தங்க வீடு எல்லாவற்றையும் விசாரிக்கிறோம். உடம்புக்கு முடியாமல் போனால் எந்த நாளிலிருந்து யார் கட்டுவார்கள் என்பதை மட்டும் போய்ச் சேர்ந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிடுகிறோம். கேட்க வேண்டிய நேரம் விசாவுக்கு மனு போடும் நேரம்தான்.

காத்திருப்புக் காலம் எதற்கு?

நம் தோட்டங்களில் மரண சகாய நிதி நடத்திய அனுபவம் உள்ளவர்களுக்கு இதைப் புரியவைக்கச் சிரமமில்லை. இன்று சந்தா கட்டிச் சேர்ந்துவிட்டு நாளையே உதவித்தொகை கேட்டால் நிதி நிற்காது. அதனால்தான் புதிய உறுப்பினர் சில மாதம் சந்தா கட்டிய பிறகே உதவி என்று விதி வைத்தார்கள். காப்புறுதி நிறுவனங்களின் வாதமும் இதுதான். நோய் வந்த பிறகு காப்புறுதி வாங்கி, சிகிச்சை முடிந்ததும் விலகிவிடலாம் என்றால், ஆரோக்கியமாக இருக்கும்போதே பணம் கட்டியவர்களின் தலையில்தான் செலவு விழும்.

வாதத்தில் நியாயம் உண்டு. ஆனால் மரண சகாய நிதியில் காத்திருந்தவர் பிறந்து வளர்ந்த தோட்டத்திலேயே இருந்தார். அவசரம் என்றால் தோட்டத்து ஆஸ்பத்திரி இருந்தது, அக்கம்பக்கம் இருந்தது. வெளிநாட்டில் காத்திருப்பவருக்கு அந்த இரண்டும் இல்லை. இங்கே மலேசியக் குடிமகன் ஒருவர் அரசாங்க கிளினிக்கில் 1 ரிங்கிட் கொடுத்து மருத்துவரைப் பார்க்கிறார். நிபுணத்துவ கிளினிக்கில் 5 ரிங்கிட். எத்தனை வருடமாக இந்த நோய் இருக்கிறது என்று கேட்டு நம்மைத் திருப்பி அனுப்புவதில்லை. பிறந்தது முதல் பழகிவிட்டதால் எல்லா ஊரிலும் இப்படித்தான் இருக்கும் என்று நினைக்கிறோம்.

ஆஸ்திரேலியா: மூன்று வரிசைகள்

ஆஸ்திரேலியாவில் அரசாங்கக் காப்புறுதிக்கு மெடிகேர் என்று பெயர். அந்நாட்டுடன் பரஸ்பர மருத்துவ ஒப்பந்தம் செய்துகொண்ட நாடுகள் 11. பிரிட்டன், நியூசிலாந்து, அயர்லாந்து, இத்தாலி போன்றவை அதில் உள்ளன. மலேசியா இல்லை. அதனால் ஒரு பிரிட்டிஷ்காரருக்கு அங்கே கிடைக்கும் அவசியச் சிகிச்சை உரிமை நம்மவருக்குக் கிடையாது.

நம்மவர்கள் அங்கே மூன்று வரிசையில் நிற்கிறார்கள்.

முதல் வரிசை, நிரந்தரக் குடியிருப்பு பெற்றவர்கள். அவர்களுக்கு மெடிகேர் உண்டு, அதற்குக் காத்திருப்புக் காலம் கிடையாது. நாட்டுக்குள் இருந்துகொண்டே நிரந்தரக் குடியிருப்புக்கு மனு போட்டவர்கள்கூட, வேலை செய்யும் அனுமதி இருந்தால், முடிவு வரும் முன்பே மெடிகேருக்குப் பதியலாம். பலருக்கு இது தெரியாது. மனு ஏற்கப்படும் வரை பொறுத்திருந்து, அதுவரை தனியார் பில்லைக் கைக்காசில் கட்டுகிறார்கள்.

இரண்டாவது வரிசை, மாணவர்களும் தற்காலிக வேலை விசாக்காரர்களும். தனியார் காப்புறுதி வைத்திருப்பது பொதுவாக இவர்களுடைய விசா நிபந்தனையிலேயே வரும். முன்பே இருந்த நோய்க்கு 12 மாதம், பிரசவத்துக்கு 12 மாதம் என்பதுதான் அங்கே பெரும்பாலான தனியார் காப்புறுதிகளில் வழக்கம். மனநலச் சிகிச்சைக்குப் பொதுவாக 2 மாதம். புதுமணத் தம்பதிகள் பிரசவக் கணக்கைக் கவனிக்க வேண்டும். கர்ப்பம் பத்து மாதம், காத்திருப்பு 12 மாதம். கர்ப்பம் என்று தெரிந்த பிறகு காப்புறுதி எடுத்தால் பிரசவச் செலவு முழுவதும் கையிலிருந்துதான் போகும்.

மூன்றாவது வரிசை, பெற்றோர்கள். நிலைமை மிக மோசமாக இருப்பது இங்கேதான். நிரந்தரக் குடியிருப்புக்கு மனு போட்டவர்களுக்கு உண்டு என்று மேலே சொன்ன இடைக்கால மெடிகேர் சலுகை, பெற்றோர் விசாவுக்கு மனு போட்டவர்களுக்குக் கிடையாது. அந்த விசாவுக்கான வரிசையோ பல ஆண்டுகள் நீளமானது. 870 என்ற எண்ணுள்ள தற்காலிகப் பெற்றோர் விசாவில் 3 அல்லது 5 ஆண்டு தங்கலாம். அதற்கும் தனியார் காப்புறுதி வேண்டும். ஆனால் 12 மாதக் காத்திருப்பு முடிந்த பிறகு இரண்டு முதல் நான்கு ஆண்டுகள் பயன் இருக்கிறது. 12 மாத வருகையாளர் விசாவில் அந்தப் பயனும் இல்லை. நான் பார்த்த செலண்டார் அம்மாவின் பத்திரம் இந்த வகை.

முன்பே இருந்த நோய் என்றால் மருத்துவர் பெயர் வைத்த நோய் மட்டும்தான் என்று பலர் நினைக்கிறார்கள். ஆஸ்திரேலிய விதி அப்படிச் சொல்லவில்லை. காப்புறுதியில் சேர்வதற்கு முந்தைய 6 மாதத்தில் அறிகுறி இருந்திருந்தாலே போதும். அதை முடிவு செய்பவர் நம் மருத்துவர் அல்ல, காப்புறுதி நிறுவனம் நியமிக்கும் மருத்துவர். "இங்கே யாரும் கண்டுபிடிக்கவில்லையே, அப்புறம் எப்படி?" என்ற கேள்வி அங்கே எடுபடாது.

மற்ற நாடுகளில்

பிரிட்டன் வேறு வழி வைத்திருக்கிறது. அங்கே காத்திருப்பு கிடையாது. அதற்குப் பதில் விசாவுக்கு மனு போடும்போதே சுகாதாரக் கூடுதல் கட்டணத்தை மொத்தமாகக் கட்ட வேண்டும். 2024 பிப்ரவரி 6 முதல் பெரியவருக்கு ஆண்டுக்கு 1,035 பவுண்டு, மாணவருக்கும் 18 வயதுக்குக் கீழ்ப்பட்டவருக்கும் 776 பவுண்டு. கணவன், மனைவி, இரண்டு பிள்ளைகள் மூன்று ஆண்டு வேலை விசாவில் போனால் இந்தக் கட்டணம் மட்டும் 10,866 பவுண்டு. கட்டிவிட்டால் முதல் நாளிலிருந்தே அரசாங்க மருத்துவச் சேவை, இனிப்பு நீருக்கும் சேர்த்து. சுகாதாரத் துறை வேலைக்கான விசாவில் போகும் தாதிகள், மருத்துவர்கள், அவர்களுடன் போகும் குடும்பத்தினர் ஆகியோருக்கு இந்தக் கட்டணம் இல்லை.

சிங்கப்பூரில் வேலை பெர்மிட், எஸ் பாஸ் வைத்திருப்பவர்களுக்கு முதலாளிதான் மருத்துவக் காப்புறுதி எடுக்க வேண்டும். 2023 ஜூலை 1 முதல் அதன் குறைந்தபட்ச அளவு ஆண்டுக்கு 15,000 வெள்ளியிலிருந்து 60,000 சிங்கப்பூர் வெள்ளியாக உயர்ந்தது. ஆனால் இது மருத்துவமனையில் தங்கிப் பெறும் சிகிச்சைக்கும் ஒரே நாளில் முடியும் அறுவை சிகிச்சைக்கும்தான். மாதாமாதம் வாங்கும் பிரஷர் மாத்திரைக்கு இதில் சட்டப்படி இடமில்லை. மெடிஷீல்டு லைஃப் என்ற தேசியத் திட்டம் குடிமக்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும் மட்டுமே. அதில் முன்பே நோய் இருந்தவரையும் சேர்த்துக்கொள்கிறார்கள். கடுமையான நோய் என்றால் முதல் 10 ஆண்டுகளுக்குப் பிரீமியம் 30 விழுக்காடு கூடுதல். காக்கவைப்பதற்குப் பதில் கொஞ்சம் கூட வாங்குகிறார்கள்.

கனடாவில் ஈழத்தமிழர்கள் அதிகம் வாழும் ஒன்டாரியோ மாநிலத்தில், புதிதாக வருபவர்கள் அரசாங்கக் காப்புறுதிக்கு 3 மாதம் காத்திருக்க வேண்டும் என்ற விதி நீண்ட காலம் இருந்தது. 2020 மார்ச் மாதம் கோவிட் நேரத்தில் அந்த விதியை நீக்கினார்கள். பிரிட்டிஷ் கொலம்பியா மாநிலத்திலோ வந்து சேர்ந்த மாதத்தின் மிச்ச நாள்களோடு இன்னும் இரண்டு மாதம் காத்திருக்க வேண்டும்.

ஒரே நாட்டுக்குள்ளேயே ஒரு மாநிலம் காக்கவைக்கிறது, இன்னொன்று காக்கவைப்பதில்லை. காத்திருப்புக் காலம் மருத்துவம் போட்ட விதி அல்ல, ஆட்சியாளர்களும் நிறுவனங்களும் கணக்குப் பார்த்துப் போட்ட விதி. மனம் வைத்தால் மாற்றவும் முடியும்.

இரண்டு தவறான நம்பிக்கைகள்

"விசாவுக்கு மெடிக்கல் செக்கப் பாஸாகிவிட்டது, அப்புறம் என்ன?" இது முதலாவது. விசா பரிசோதனை குடிநுழைவுத் துறைக்காக. காசநோய் இருக்கிறதா, அந்த நாட்டுக்குப் பெரிய செலவு வைக்கும் நோய் இருக்கிறதா என்பதுதான் அங்கே கேள்வி. அதில் தேறியவரின் இனிப்பு நீரைக் காப்புறுதி நிறுவனம் ஏற்றுக்கொண்டது என்று பொருள் இல்லை. இரண்டும் வேறு மேசைகள்.

"நோயைச் சொல்லாமல் விட்டால் காத்திருக்க வேண்டியதில்லை." இது இரண்டாவது, ஆபத்தானதும்கூட. சில முகவர்களே இப்படிச் சொல்லிக் கொடுப்பதாகக் கேள்விப்படுகிறோம். மருத்துவமனையில் சேர்ந்ததும் முதலில் எடுக்கும் இரத்தப் பரிசோதனையே எத்தனை கால நோய் என்பதற்கு ஓரளவு சாட்சி சொல்லிவிடும். அப்போது அந்த நோய்க்கான பணம் மட்டுமல்ல, காப்புறுதியே கேள்விக்குள்ளாகலாம். மலேசியாவில் 2013ஆம் ஆண்டு நிதிச் சேவைச் சட்டப்படியும், கேட்ட கேள்விக்கு உண்மை சொல்ல நியாயமான கவனம் எடுப்பது வாங்குபவரின் கடமை. சொன்னால் 12 மாதம் காத்திருக்க வேண்டும். சொல்லாவிட்டால் எத்தனை வருடம் கட்டினாலும் பயமாகவே இருக்கும்.

இங்குள்ள பாலிசியை என்ன செய்வது?

வெளியூர் போகிறவர்கள் செய்யும் முதல் வேலை, இங்குள்ள மருத்துவ பாலிசியை நிறுத்துவது. "அங்கேதான் ஒன்று எடுக்கப் போகிறோமே, இரண்டு பிரீமியம் எதற்கு?" என்பது நியாயமான கேள்விதான். பிரீமியம் ஏறிக்கொண்டே போவதும் உண்மை. 2024 டிசம்பரில் பேங்க் நெகாரா தலையிட்டு, பாலிசி வைத்திருப்பவர்களில் குறைந்தது 80 விழுக்காட்டினருக்கு ஆண்டு உயர்வு 10 விழுக்காட்டுக்குள் இருக்கும்படி 2026 இறுதி வரைக்கான இடைக்கால ஏற்பாட்டை அறிவிக்க வேண்டியிருந்தது.

ஆனால் நிறுத்துவதற்கு முன் மூன்று விஷயங்களைப் பார்க்க வேண்டும்.

ஒன்று, மலேசிய மருத்துவ பாலிசிகளிலும் காத்திருப்பு உண்டு. வழக்கமாக விபத்து தவிர மற்ற நோய்களுக்கு முதல் 30 நாள். இனிப்பு நீர், இரத்த அழுத்தம், இருதய நோய், கட்டி, புற்றுநோய், சிறுநீரகக் கல், குடலிறக்கம், மூலம் போன்ற குறிப்பிட்ட நோய்களுக்கு 120 நாள். பாலிசியை நிறுத்திவிட்டு, ஐந்து வருடம் கழித்துத் திரும்பி வந்து புதிதாக எடுத்தால் இந்த நாள்கள் முதலிலிருந்து தொடங்கும். அதற்குள் வயது ஏறியிருக்கும், நோயும் சேர்ந்திருக்கலாம். எடுக்கவே முடியாமலும் போகலாம்.

இரண்டு, இங்குள்ள பாலிசி அங்கே காப்பாற்றும் என்றும் நம்ப முடியாது. தொடர்ந்து 90 நாளுக்கு மேல் வெளிநாட்டில் தங்கினால் அங்கே பெறும் சிகிச்சைக்குப் பணம் இல்லை என்ற நிபந்தனை இங்குள்ள பெரும்பாலான பாலிசிகளில் இருக்கிறது. 90 நாளுக்குள் என்றாலும் அவசரச் சிகிச்சைக்கு மட்டும்தான் என்று பலவற்றில் போட்டிருக்கும். நம் பாலிசி அங்கே நிற்கும் நாளுக்கும் அந்த ஊர் பாலிசி தொடங்கும் நாளுக்கும் நடுவில் பள்ளம் விழுவது இங்கேதான்.

மூன்று, அப்படியிருந்தும் இங்குள்ள பாலிசி திரும்பி வருவதற்கான வழி. அங்கே காத்திருப்பு முடியும் வரையாவது அதை உயிரோடு வைத்திருப்பது நல்லது. பெரிய அறுவை சிகிச்சை என்று வந்தால் விமானம் ஏறி வந்து மலாக்காவிலேயே செய்துகொள்ளலாம்.

பழைய கணக்கு

கப்பலில் வந்த நம் தாத்தா பாட்டிமாரும் காத்திருந்துதான் இந்த மண்ணில் கால் வைத்தார்கள். நாகப்பட்டினத்திலும் ஆவடியிலும் முகாம் இருந்தது. பினாங்குக்கு அருகே ஜெரஜாக் தீவில் நோய்த்தடுப்பு முகாமில் இறக்கி வைத்திருந்து, அம்மை, காலரா இல்லை என்று உறுதியான பிறகே தோட்டத்துக்கு அனுப்பினார்கள். அந்தக் காத்திருப்பு உடம்பு வேலைக்கு ஆகுமா என்று பார்ப்பதற்காக. இன்றைய காத்திருப்பு உடம்பு செலவு வைக்குமா என்று பார்ப்பதற்காக. இரண்டிலும் சுமை விழுவது ஒரே ஆளின் மேல்தான்: நோயுள்ளவர், கர்ப்பிணி, வயதானவர். திடமான இளைஞனுக்கு 12 மாதம் ஒரு பொருட்டே இல்லை.

ஒரு விஷயத்தை நேர்மையாகச் சொல்லிவிட வேண்டும். நாம் 1 ரிங்கிட் கொடுக்கும் அதே கிளினிக்கில், நம் பக்கத்துச் செம்பனைத் தோட்டத்தில் வேலை செய்யும் வங்காளதேசத் தொழிலாளிக்கு அந்த 1 ரிங்கிட் கிடையாது. அவர் வெளிநாட்டவர் கட்டணம் கட்டுகிறார். மெல்பர்னில் நம் அம்மாவுக்கு நடப்பது இங்கே அவருக்கு நடக்கிறது. அங்கே நமக்கு நியாயம் கேட்கும்போது இதையும் நினைத்துக்கொள்வது நல்லது.

புறப்படும் முன்

போகிற நாட்டின் விசா எண்ணைச் சொல்லி, அந்த விசாவுக்கு அரசாங்கக் காப்புறுதி உண்டா, எந்த நாளிலிருந்து என்று முதலில் கேளுங்கள். தனியார் காப்புறுதி என்றால் காத்திருப்பு, முன்பே இருந்த நோய், பிரசவம், விலக்குகள் ஆகிய நான்கு பகுதிகளையும் பிள்ளைகளை உட்காரவைத்துப் படிக்கச் சொல்லுங்கள். முகவர் வாயால் சொன்னதை மின்னஞ்சலிலோ வாட்ஸ்அப்பிலோ எழுதி வாங்குங்கள்.

40 வயதைத் தாண்டிய, அரசாங்கத்தின் ரொக்க உதவி பெறும் பி40 குடும்பத்தினருக்குப் பெக்கா பி40 திட்டத்தில் இலவச உடல் பரிசோதனை இருக்கிறது. போகும் முன் செய்துகொள்ளலாம். நோய் தெரிந்தால் காத்திருக்க வேண்டுமே என்று பயந்து தெரியாமலே போவது புத்திசாலித்தனம் இல்லை. கிளினிக்கில் நோய் விவரம், மருந்தின் பெயர், அளவு எல்லாம் ஆங்கிலத்தில் எழுதிய கடிதம் கேட்டு வாங்குங்கள். ஆஸ்திரேலியாவுக்குச் சொந்த உபயோகத்துக்கு 3 மாத மருந்து வரை கொண்டுபோகலாம், மருத்துவரின் சீட்டு கையில் இருக்க வேண்டும்.

இழப்பீடு மறுக்கப்பட்டால் அதோடு விட்டுவிட வேண்டாம். மலேசிய பாலிசி என்றால் 2025 ஜனவரி முதல் செயல்படும் நிதிச் சந்தை குறைதீர்ப்பு அமைப்பு இருக்கிறது. ஆஸ்திரேலியத் தனியார் மருத்துவக் காப்புறுதிக்கு அங்குள்ள காமன்வெல்த் ஓம்பட்ஸ்மன் அலுவலகம் இருக்கிறது. முதலில் காப்புறுதி நிறுவனத்திடம் எழுத்தில் முறையிட்டு, பதிலைக் கையில் வைத்துக்கொண்டு இவர்களிடம் போக வேண்டும்.

செலண்டார் அம்மாவுக்கு இதையெல்லாம் சொன்னேன். மகனோடு போனில் பேசினோம். மகன் சற்று நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, "அந்தப் பக்கத்த நான் பார்க்கலண்ணே" என்றார். இப்போது திரும்பி வரும் டிக்கெட்டை மாற்றியிருக்கிறார்கள். ஒரு வருடம் 85 நாளாகிவிட்டது. அம்மாவின் பெயரில் மகன் இங்கே கட்டிவரும் பாலிசியின் 90 நாளுக்குள் அடங்கும், மருந்தும் போதும்.

"பேரப்பிள்ளை கவுந்து படுக்கறதுக்குள்ள நான் வந்துருவேன் போலிருக்கே தம்பி" என்றார். பத்திரத்தை மடித்து, பாஸ்போர்ட் வைத்திருந்த பையிலேயே போட்டுக்கொண்டார்.